உறைபனியிலிருந்து வீட்டுத் தோட்டத்தைக் காப்பது எப்படி?

நீலகிரியில் நவம்பர் மாதத்தில் நீர்ப்பனியாகத் தொடங்குவது, மழை ஓய்ந்த பின் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனியாக மாறும். சில ஆண்டுகளில் அது பிப்ரவரி வரையிலும் நீள்வதுண்டு. சமவெளியிலிருந்து உதகைக்குக் குடிவந்து முதன்முறையாகச் செடி வளர்ப்பவர்கள், முந்தைய நாள் வரை செழித்திருந்த பீன்ஸ் கொடி ஒரே இரவில் வெந்த கீரைபோலத் துவண்டு கறுத்திருப்பதைக் கண்டு, நோய் என்று எண்ணி மருந்துக் கடைக்குச் செல்கிறார்கள். அது நோயன்று. இலையில் உள்ள நீர் உறைந்து திசுக்களைச் சிதைத்ததன் விளைவு அது. அதற்கு எந்த மருந்தும் இல்லை, முன்கூட்டியே காப்பது மட்டுமே வழி.

அதற்கு ஒன்றை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பகலில் வெயிலை வாங்கிக்கொண்ட மண், இரவில் அந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். வானம் தெளிந்து காற்றும் அசையாத இரவில் அதில் பெரும்பகுதி விண்ணுக்குப் போய்விடும். நாம் போர்த்தும் துணி செடியைச் சூடாக்குவதில்லை. மேகம் செய்யும் வேலையை அது செய்கிறது, அவ்வளவே.

முதல் படியாக, உங்கள் தோட்டத்தில் குளிர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் நிற்கும். மேட்டிலுள்ள வீடுகளில் பனியே விழாத நாளிலும் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களின் புல்வெளிகள் வெளுத்துக் கிடப்பதற்கு இதுவே காரணம். பள்ளமான மூலையில் உள்ள தொட்டிகளை எடுத்து, பிற்பகல் வெயில் பட்ட சுவரை ஒட்டித் தாழ்வாரத்தின் கீழ் வைத்துவிடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவதாக, எல்லாச் செடிகளையும் மூட வேண்டியதில்லை. முட்டைக்கோஸ், கேரட், பூண்டு ஆகியவை லேசான பனியைத் தாங்கும். தக்காளி, பீன்ஸ், உருளைக்கிழங்கு, மேரக்காய், டாலியா, பிகோனியா ஆகியவை தாங்கா.

மூன்றாவது படி தண்ணீர். ஈர மண் உலர்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைச் சேமிக்கும் என்பதால், நண்பகலுக்குள் மண் நன்கு நனையும்படி ஊற்றுங்கள். மாலையில் இலைகளை நனைக்காதீர்கள். பலர் வைக்கோலைப் பரப்பிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அது வேரைக் காக்கும், உண்மைதான்; ஆனால் மண்ணின் வெப்பம் மேலே வருவதைத் தடுத்து இலைகளை மேலும் குளிரவைக்கும். ஆகவே, குளிர் தாங்காத சிறு செடிகளின் அடியில் பனிக்காலத்தில் மண்ணை மூடாமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து.

நான்காவதாகப் போர்த்துதல். மாலை 4 மணியளவில், மண்ணில் வெப்பம் எஞ்சியிருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். செடியைச் சுற்றி நான்கு மூங்கில் குச்சிகளை நட்டு, பழைய பருத்திப் போர்வையையோ சாக்கையோ அவற்றின் மேல் விரித்து, ஓரங்கள் தரையைத் தொடும்படி இறக்கிக் கல் வையுங்கள். துணியைத் தண்டோடு சேர்த்துக் குடைபோலக் கட்டினால் மண்ணின் வெப்பம் உள்ளே வராது. தொடக்கநிலையாளர்கள் செய்யும் பிழைகளில் இதுவே முதன்மையானது. நெகிழித்தாள் இலையைத் தொடவே கூடாது. என் முதல் ஆண்டில் ஜெரேனியம் செடியை நெகிழிப்பையால் இறுக்கி மூடிவைத்தேன். பை ஒட்டிய இடங்களில் மட்டும் இலைகள் கருகியிருந்தன. உதகை தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியின் தழை கொண்டு மூடுவதையும், தேயிலை விவசாயிகள் இளஞ்செடிகளைத் தாவை என்னும் செடியின் தழையால் மறைப்பதையும் பார்த்திருப்பீர்கள். காற்றோட்டம் உள்ள, எடையற்ற அந்தத் தழைகள் கிடைத்தால் துணியே தேவையில்லை.

காலையில், வெயில் ஏறிப் பனி கரைந்த பிறகு போர்வையை எடுத்துவிட்டு, மண் மீண்டும் வெயில் வாங்க இடம் கொடுங்கள். மூட மறந்த செடியில் பனி படிந்திருந்தால், வெயில் படுவதற்கு முன்பே தண்ணீர் தெளித்துக் கரைப்பது இங்குள்ள வழக்கம்.

பனியில் கருகிய கிளைகளை உடனே வெட்டாதீர்கள். வெட்டினால் புதுத்துளிர் வரும். அடுத்த பனி முதலில் அதைத்தான் தாக்கும். அதே காரணத்தால் பனிக்காலத்தில் யூரியாவும் வேண்டாம். கருகிய இலைகள் கீழ்க்கிளைகளுக்குப் போர்வையாக இருக்கட்டும். மார்ச்சில் தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பட்டையின் கீழ் பச்சை தெரியும் இடம் வரை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் உள்ளதை வெட்டிவிடலாம்.