டிரேடிங் லாபத்துக்கு பேரோல் டாக்ஸ் உண்டா?

அமெரிக்காவில் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்துக்கு 6.2%, மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45% பிடித்திருப்பார்கள், இதுதான் பேரோல் டாக்ஸ். கம்பெனியும் தன் பங்குக்கு அதே அளவு கட்டும், சொந்தத் தொழில் செய்பவர் என்றால் இரண்டையும் சேர்த்து 15.3% அவரே கட்ட வேண்டும். அதனால்தான் ஷேர் வாங்கி விற்பவர்களுக்கும் இந்தப் பயம் வருகிறது. பயப்பட வேண்டாம், சொந்தப் பணத்தில் டிரேடிங் செய்து வரும் லாபத்துக்கு இந்த வரி கிடையாது, அதையே முழுநேரத் தொழிலாகச் செய்தாலும் கிடையாது. அப்படிச் செய்பவர்கள் செலவுகளை மட்டும் தொழில் வரவு-செலவுப் படிவமான ஷெட்யூல் சி-யில் காட்டுங்கள், லாபத்தைக் கொண்டுபோய் அங்கே எழுதிவிடாதீர்கள், அதன் இடம் பொதுவாக மூலதன லாபம் காட்டும் படிவங்களான ஃபார்ம் 8949, ஷெட்யூல் டி. வருமான வரி வழக்கம்போல உண்டு. மொத்த வருமானம் தனிநபருக்கு 2,00,000 டாலரையோ, சேர்ந்து ரிட்டர்ன் போடும் தம்பதிக்கு 2,50,000 டாலரையோ தாண்டினால் முதலீட்டு வருமானம், அந்த வரம்பைத் தாண்டிய தொகை இரண்டில் எது குறைவோ அதன் மேல் 3.8% தனியாக வரும், அது வேறு வரி.

சரி, பேரோல் டாக்ஸ் எங்கே வரும்? கம்பெனி தன் ஊழியருக்குச் சம்பளத்தின் பகுதியாகக் கொடுக்கும் ஆர்எஸ்யூ ஷேரில். 100 ஷேர் உங்கள் கைக்கு வரும் நாளில் விலை 50 டாலர் என்றால் அந்த 5,000 டாலரும் சம்பளம்தான், கம்பெனி தரும் வருடாந்திரச் சம்பளப் படிவமான டபிள்யூ-2-வில் சேர்ந்துவிடும், அந்த வருட சோஷியல் செக்யூரிட்டி வரிக்கான சம்பள உச்சவரம்பை நீங்கள் இன்னும் தொடவில்லை என்றால் 7.65%, அதாவது 382.50 டாலர் போகும். பிறகு 60-க்கு விற்றால் கூடுதலாக வந்த 1,000 டாலர் மட்டும்தான் மூலதன லாபம், அதற்கு பேரோல் டாக்ஸ் இல்லை. பலரும் ஏமாறுவது இங்கேதான். புரோக்கர் அனுப்பும் விற்பனை விவரப் படிவமான 1099-பி-யில் வாங்கிய விலை பல நேரம் பூஜ்யம் என்றோ காலியாகவோ இருக்கும், அதை அப்படியே ஏற்றினால் 6,000 டாலரும் லாபமாகி, ஏற்கெனவே வரி கட்டிய 5,000-க்கு இன்னொரு தடவை கட்டுவீர்கள். தயவுசெய்து புரோக்கர் தரும் துணை விவரத் தாளைத் திறந்து, சரியான விலையை 8949-இல் திருத்திப் போடுங்கள்.

இன்னொன்று, டிரேடிங் லாபம் உழைப்பு வருமானமாகக் கணக்கில் வராது. சம்பளமே இல்லாமல் டிரேடிங் மட்டும் செய்பவருக்கு ஓய்வூதியத் தகுதிக்கான சோஷியல் செக்யூரிட்டி கிரெடிட் ஏறாது, அந்த லாபத்தை வைத்து ஐஆர்ஏ என்ற ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கிலும் பணம் போட முடியாது.

அப்புறம், இந்த லாபத்தில் யாரும் முன்கூட்டி வரி பிடிப்பதில்லை. பொதுவாக ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15-ஆம் தேதிகளில் நீங்களே கட்ட வேண்டும், வேலையிலும் இருந்தால் வரிப்பிடித்தம் பற்றி கம்பெனிக்குத் தரும் படிவமான டபிள்யூ-4-ஐ மாற்றிக் கொடுத்து சம்பளத்திலேயே கூடுதலாகப் பிடிக்கச் சொல்லிவிடலாம்.