முதல் தலைமுறை சூப்பர்வைசருக்கு: நாலு பத்தி போட்ட ஒரு நோட்டு

அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதிக் குடும்பங்களிலிருந்து வந்து, திருப்பூர் பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராகவோ, கோவை கணபதி பக்கம் ஒரு பவுண்டரியில் ஷிப்ட் இன்சார்ஜாகவோ, சரவணம்பட்டி ஐடி கம்பெனியில் டீம் லீடாகவோ முதன்முதலாக உட்காருகிறவர்களுக்கானது இது.

தலைமைப் பயிற்சி வகுப்புகளில் முதல் பாடமே ‘உங்களை நீங்களே கேள்வி கேளுங்கள்’ என்பதுதான். ஏற்கெனவே நாள் முழுக்கத் தன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பவருக்கு இது பாதிதான் உதவும். தன்னை எப்போதும் அடுத்தவர் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கும் இந்த நிலையை அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் 1903-லேயே ‘இரட்டை உணர்வு’ என்று எழுதினார். தீண்டப்படாதோர் நிலையும் அமெரிக்கக் கறுப்பர் நிலையும் மிகவும் ஒத்திருக்கின்றன என்று 1946-ல் அவருக்குக் கடிதம் போட்டவர் அம்பேத்கர். ஆகவே அங்கே கறுப்பின ஊழியர்கள் கண்டறிந்த சில வழிகள் இங்கேயும் செல்லும். முதல் வேலை, பிரித்தெடுப்பது: எது என் வேலையில் உள்ள குறை, எது அந்த இடத்தின் குணம்? மனசுக்குள் மட்டும் இதைச் செய்தால் ஒன்று எல்லாப் பழியும் நம் தலையில் விழும், இல்லையென்றால் எல்லாம் அடுத்தவர் தப்பாகிவிடும். எழுதித்தான் பிரிக்க முடியும்.

ஒரு சாதா நோட்டு போதும். கம்பெனி லேப்டாப்பிலோ கம்பெனி மெயிலிலோ எழுத வேண்டாம். வேலையை விட்டு வரும் அன்றே அது கைவிட்டுப் போகும், அதுவரை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பக்கத்தைக் கோடு போட்டு நாலு பத்தியாகப் பிரியுங்கள்: நடந்தது, யார் முன்னால், இதே தவறை வேறொருவர் செய்தபோது என்ன நடந்தது, அடுத்த வாரம் நான் செய்யப்போவது. நடந்த அன்றே ஐந்து நிமிடத்தில் எழுதிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் உட்கார்ந்து மூன்றாவது, நான்காவது பத்திகளை நிரப்பலாம்.

எடுத்துக்காட்டாக, மணிக்கு 120 பீஸ் டார்கெட் உள்ள லைனில் 95தான் வந்தது. மேனேஜர் செக்கிங் டேபிள் பக்கத்தில் நின்று, “உனக்கெல்லாம் லைன் குடுத்தது என் தப்பு” என்கிறார். அந்தச் சொல்லை அப்படியே எழுதுங்கள்; ‘திட்டினார்’ என்று சுருக்கினால் இரண்டு மாதம் கழித்து ஒன்றும் விளங்காது. இரண்டாவது பத்தியில், செக்கிங்கில் இருந்த இருவர் பெயர். மூன்றாவதில், போன வாரம் பக்கத்து லைனில் 90 வந்தபோது அதன் சூப்பர்வைசரிடம் “கட்டிங்ல லேட்டு, விடு” என்று அதே மேனேஜர் சொன்னது. நான்காவதில், கழுத்துப் பட்டைக்கான ரிப் துணி கட்டிங்கிலிருந்து தாமதமாக வந்ததை முன்னாடியே கவனிக்காதது உங்கள் தவறு என்பதால், ‘ஷிப்ட் தொடங்க அரை மணி முன்னால் ரிப் வந்துவிட்டதா பார்க்க வேண்டும்’. ஒரே சம்பவத்தில் இரண்டும் இருக்கிறது. அவமானம் பெரிதாக இருப்பதால் ரிப் பிரச்சினை மறந்துபோகும், அல்லது ரிப் பிரச்சினை உண்மையாக இருப்பதால் அவமானமும் நியாயம் என்று தோன்றிவிடும். இரண்டையும் தனித்தனியாக எழுதுவது இதற்காகத்தான்.

எட்டுப் பத்து பதிவு சேர்ந்த பிறகே முடிவுக்கு வாருங்கள். மூன்றாவது பத்தியில் பெரும்பாலும் மற்றவர்களுக்கும் அதே பேச்சுதான் கிடைத்திருக்கிறது என்றால், மேனேஜர் வாய் அப்படி. உங்கள் கவனம் வேலையில் இருக்கட்டும். திரும்பத் திரும்ப வேறுபட்டால் அது உங்கள் பிரமை இல்லை. நோட்டு கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே வழியில்தான்: புகார்ப் புத்தகமாக மாறிவிடும். வாரத்துக்கு நன்றாகச் செய்தது ஒன்று, சொந்தத் தவறு ஒன்று கட்டாயம் எழுதினால் அது நடக்காது.

கொங்கில் மரியாதை ‘ங்க’வில் இருக்கிறது. எல்லாரையும் ‘வாங்க, போங்க’ என்கிற டெய்லர் அக்கா உங்களிடம் மட்டும் ‘வா, போ’ என்றால் லைனே அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். முதல் நாளிலிருந்தே ஹெல்பர் பையன் உட்பட எல்லாரிடமும் நீங்கள் ‘ங்க’ போட்டுப் பேசியிருந்தால்தான் இதைத் திருத்த முடியும். முதல் தடவை அல்லது இரண்டாம் தடவையே, மெஷின் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி: “அக்கா, லைன்ல எல்லாரும் ‘ங்க’ போட்டுத்தானுங்க பேசிக்கறோம், எனக்கும் அப்படியே இருக்கட்டுங்க.” ஆறு மாதம் விட்டுவிட்டுச் சொன்னால் சண்டைக்கு இழுப்பது போலாகிவிடும்.

டீ நேரத்தில் வரும் “நீங்க என்ன கூட்டமுங்க?” என்ற, சாதியைத் தெரிந்துகொள்ளும் கேள்விக்கான பதிலை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். நேராகச் சொல்லலாம். “அவிநாசிப் பக்கமுங்க” என்று ஊரைச் சொல்லி, அடுத்த பேச்சை வேலைக்குத் திருப்பலாம். மறைப்பதும் அவரவர் உரிமைதான். ஆனால் அதற்குத் தினமும் செலவாகும். கல்யாணப் பத்திரிகை கொடுக்கவும், வீட்டுக்கு ஆள் கூப்பிடவும் யோசிக்க வேண்டியிருக்கும்.

வேலையை மதிப்பிடும் அப்ரைசலில் வரும் “இன்னும் கொஞ்சம் டெவலப் ஆகணும்” என்பதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. முகத்துக்கு நேரே சொல்லச் சங்கடப்பட்டோ, சாதி பார்க்கிறார் என்று பெயர் வரும் என்று பயந்தோ பல மேலாளர்கள் இப்படி மழுப்புகிறார்கள். அப்ரைசலுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே கேளுங்கள்: “சார், அடுத்த நிலைக்குப் போக நான் செஞ்சு காட்ட வேண்டிய ரெண்டு வேலை எது? எந்தத் தேதிக்குள்ள?” அவர் சொன்னதை அன்றே மூன்று வரியில் அவருக்கே மெயில் அனுப்புங்கள். அப்ரைசல் நாளில் கேட்டுப் பயனில்லை, மதிப்பெண் அதற்கு முன்பே முடிவாகியிருக்கும்.

யோசனை சொல்பவர் வேறு, நீங்கள் இல்லாத அறையில் உங்கள் பெயரை எடுத்துப் பேசுபவர் வேறு. 1980-ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தில் கோடைக்காலப் பயிற்சியாளராகச் சேர்ந்த கறுப்பினப் பெண் உர்சுலா பர்ன்ஸ், வேலண்ட் ஹிக்ஸ் என்ற மூத்த அதிகாரியிடம் ஒரு கூட்டத்தில் கடுமையாக வாதிட்டார். 1990-ல் அதே ஹிக்ஸ் அவரைத் தன் நிர்வாக உதவியாளராக எடுத்துக்கொண்டார். 2009-ல் பர்ன்ஸ் அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். இங்கே அப்படிப் பெயரை எடுத்துப் பேசுவது பெரும்பாலும் சொந்தபந்தத்துக்குள், கல்யாண மண்டபத்தில் நடக்கிறது. அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர் தன் வேலையைத் தானே காட்ட வேண்டும்: புரொடக்‌ஷன் மீட்டிங்கில் உங்கள் ஷீட்டை வேறொருவர் வாசிக்க விடாதீர்கள், பத்து நிமிடம் நீங்களே பேசுங்கள்.

மாதம் ஒருமுறை நாலைந்து பேர், வெவ்வேறு கம்பெனிக்காரர்களாகப் பார்த்துக் கூடுங்கள். ஒரே கம்பெனி என்றால் ‘சாதிக் கூட்டம்’ என்ற பேச்சு சீக்கிரம் மேலே போகும். ஆளுக்கு ஒரு பதிவை வாசிக்க வேண்டும். மற்றவர்கள் பத்து நிமிடம் கேள்வி மட்டும் கேட்கலாம், அறிவுரை கூடாது.

சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் அது அப்ரைசல் விவகாரம் இல்லை; 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும். பிறர் பார்க்கும்படி நடந்திருக்க வேண்டும் என்பதால் நோட்டின் இரண்டாவது பத்திக்கு இங்கேதான் பலம். நாலு சுவருக்குள் வேறு யாருமே இல்லாதபோது சொன்னது அந்தச் சட்டப் பிரிவில் நிற்பது கடினம். உதவி எண் 14566.

ஊரிலிருந்து “தம்பியைச் சேர்த்து விடுங்க” என்று கேட்டு வருவார்கள். பெயரைக் கொடுங்கள், ஆள் எடுக்கும் இடத்தில் மட்டும் நீங்கள் உட்காராதீர்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு நோட்டை உங்கள் பக்கமே திருப்பிப் பிடிக்க வேண்டும். இப்போது லைனில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள், எத்தனை பேரை ‘இந்திக்காரன்’ என்றீர்கள்? பீஸ் ரிஜெக்ட் ஆனபோது உள்ளூர் டெய்லரிடம் சொன்ன சொல்லும் இவர்களிடம் சொன்ன சொல்லும் ஒன்றா? அதே நாலு பத்தியில் எழுதுங்கள். இந்த முறை முதல் பத்தியில் நீங்கள் பேசியது வரும்.