ஹோம் டியூஷனுக்கு ஆள் வைப்பது எப்படி: விடைத்தாள், டெமோ வகுப்பு, திறந்த கதவு

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் பல வீடுகளில் டியூஷன் பேச்சு ஆரம்பிக்கிறது. ஆரம்பித்த இரண்டே நாளில் யாரோ சொன்ன ஒரு நம்பரைக் கூப்பிட்டு, "நாளைலேருந்து வந்துடுங்க சார்" என்று முடித்தும் விடுகிறோம். அந்த இரண்டு நாளைப் பத்து நாளாக நீட்டினால் போதும், பணமும் பிள்ளையின் ஒரு பருவமும் வீணாகாது. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் 6 முதல் 10 வரை படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது இது. சிபிஎஸ்இ எங்கே மாறுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் விடைத்தாளை எடுங்கள்

"கணக்குல வீக்" என்று சொல்லி ஆள் தேடினால், முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாக நடத்தும் ஆள்தான் கிடைப்பார். கடைசி மூன்று தேர்வுத் தாள்களை வைத்துக்கொண்டு, மார்க் போன ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஒரு எழுத்து போடுங்கள். பாடமே தெரியாததற்கு 'தெ', தெரிந்தும் கணக்கில் சறுக்கியதற்கு 'ச', நேரம் போதாமல் விட்டதற்கு 'நே', கேள்வி என்ன கேட்கிறது என்றே புரியாததற்கு 'கே'. பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள், திட்டாமல். 'நே' அதிகமாக இருந்தால் டியூஷனே தேவைப்படாது. வாரம் ஒரு பழைய தாளைக் கடிகாரம் வைத்து எழுதவைத்தாலே பாதி சரியாகும்.

பத்தாம் வகுப்புக் கணக்கு என்றால் வினாத்தாள் அமைப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மார்க் 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, கடைசியாக எட்டு மார்க் 2. அந்த எட்டு மார்க் இரண்டில் ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். பாஸ் மார்க் 35. இரண்டு மாதமே இருக்கும் நிலையில் பாஸ் ஆவதே சந்தேகம் என்றால், முதலில் பிடிக்க வேண்டியது இந்த 16 மார்க்கை. இதை ஆசிரியரே வாயெடுத்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால் மாநில வினாத்தாளோடு பழகியவர் என்று அர்த்தம்.

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் எழுத்துத் தேர்வு 80, அகமதிப்பீடு 20. கணக்கில் ஸ்டாண்டர்ட், பேசிக் என்று இரண்டு வகை உண்டு. பிள்ளை எது எடுத்திருக்கிறது என்று தெரியாமல் யாரிடமும் பேச வேண்டாம்.

மீடியமும் முக்கியம். தமிழ் மீடியப் பிள்ளைக்கு ஆங்கில மீடியத்தில் படித்தவர் வந்தால், 'பல்லுறுப்புக்கோவை', 'சார்பு', 'அளவு காரணி' என்று புத்தகத்தில் இருக்கும் சொல்லைப் பார்த்து அவரே தடுமாறுவார். கணக்கு அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். பிள்ளைக்குத்தான் இரட்டைச் சுமை.

2. எங்கே தேடுவது

முதலில் கேட்க வேண்டியது, உங்கள் பிள்ளைக்கு ஒரு வகுப்பு மேலே படிக்கும் பிள்ளையின் வீட்டில். அவர்கள்தான் ஒரு முழு ஆண்டைப் பார்த்தவர்கள். அடுத்தது, பள்ளிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை. நோட்ஸும் மாதிரி வினாத்தாளும் யார் தவறாமல் காப்பி எடுக்க வருகிறார் என்று கடைக்காரருக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்றால், 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக மாலை வகுப்பு எடுத்த பெண்கள் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கப் பழக்கியவர்கள் அவர்கள். பி.எட். படிக்கிறவர்களும் நல்ல தேர்வுதான். ஆனால் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகும் மாதங்களில் நேரம் மாறும், முன்பே கேட்டுவிடுங்கள்.

அர்பன்புரோ, சூப்பர்புரோஃப், சுலேகா மாதிரித் தளங்களில் ஆள் நிறைய கிடைக்கும். அங்கே இருக்கும் ஸ்டாரை நம்பி முடிவு செய்யாதீர்கள். பெயர் கிடைக்கும் இடமாக மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாச் சரிபார்ப்பையும் நீங்களே செய்யுங்கள். டியூஷன் பீரோ வழியாகப் போனால் ஒன்றைக் கேளுங்கள்: ஆசிரியரின் முதல் மாதச் சம்பளத்தில் பீரோ எவ்வளவு எடுத்துக்கொள்கிறது? பாதியோ முழுவதுமோ போய்விட்டால், அவர் அந்த மாதம் அரை மனதோடுதான் வருவார். அதிகம் கிடைக்கும் வீடு வந்ததும் போய்விடுவார்.

"ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்க, அப்புறம் டீச்சர் நம்பர் தர்றோம்" என்று கியூஆர் கோடு அனுப்பினால் அங்கேயே நிறுத்துங்கள். பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம் என்று யுபிஐ பின் போடச் சொன்னாலும் அதேதான், பணம் வாங்கப் பின் தேவையில்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

பிள்ளையின் பள்ளி ஆசிரியரையே வைக்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. வேண்டாம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. அதோடு, மார்க் போடுகிறவருக்கே மாதம் பணம் கொடுத்தால் மார்க் உண்மையா என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

3. போனில் ஐந்து நிமிடம்

எந்த போர்டு, எந்த மீடியம், இப்போது எத்தனை பிள்ளைகளுக்கு எடுக்கிறார், உங்கள் வீட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும். கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வருகிறவர் மழைக்காலத்தில் நின்றுவிடுவார். பிறகு, "பிள்ளை ஹால்ல உட்கார்ந்துதான் படிப்பான், வீட்ல ஒருத்தர் எப்பவும் இருப்போம், சரிங்களா?" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். இதைக் கேட்டுத் தயங்குகிறவரோடு மேலே பேச வேண்டியதில்லை.

4. டெமோ வகுப்பு: எல்லாரும் தவறும் இடம்

வழக்கமாக ஆசிரியர் தனக்குப் பிடித்த பாடத்தை எடுத்து அரை மணி நேரம் அருமையாக நடத்துவார். அம்மாவுக்கும் புரியும், அப்பாவுக்கும் புரியும். "நல்லா நடத்துறாருல்ல" என்று அமர்த்திவிடுவோம். நாம் பார்த்தது அவர் பேசுவதை. பிள்ளையின் தப்பை அவர் எப்படிக் கையாள்கிறார் என்பதைப் பார்க்கவே இல்லை.

அதனால் டெமோவுக்கு உங்கள் பிள்ளை தப்பாகப் போட்ட ஒரு கணக்கைக் கொடுங்கள், விடைத்தாளோடு. உதாரணத்துக்கு எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 9 எக்ஸ் பிளஸ் 20 வரைபடம். எக்ஸ் மதிப்பு மைனஸ் 2 என்ற கட்டத்தில் 4, 18, 20 கூட்டி 42 வர வேண்டும். பிள்ளை 34 எழுதியிருக்கிறது. மைனஸ் 2-ன் வர்க்கத்தை மைனஸ் 4 என்று போட்டதுதான் காரணம். அடுத்த கட்டத்திலும் அதே தப்பு, 30-க்குப் பதில் 28. புள்ளிகளைச் சேர்த்தால் வளைவு இடப்பக்கம் கோணிப் போகிறது.

ஒருவர் இதைப் பார்த்ததும் "தப்பு, அழி" என்பார். முழுக் கணக்கையும் தானே போட்டுக் காட்டிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்பார். பிள்ளை "புரிஞ்சுது சார்" என்று சொல்லும். எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும்.

இன்னொருவர் 34-ன் மேல் விரலை வைத்து, "இது எப்படி வந்துச்சு, சொல்லு" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பிள்ளை முணுமுணுத்துச் சொல்லும்போது அடைப்புக்குறி விட்டுப்போனது அவருக்குத் தெரிந்துவிடும். "மைனஸ் மூணோட வர்க்கம் எவ்வளவு?" என்று ஒரு கேள்வி கேட்பார், மைனஸ் 1-க்கு இன்னொரு கேள்வி. பிறகு பென்சிலைப் பிள்ளையிடமே கொடுத்து அந்த வரிசையை மட்டும் திருத்தச் சொல்வார். மூன்று நிமிட வேலை. இவரைத்தான் தேடுகிறீர்கள்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் பென்சில் யார் கையில் அதிக நேரம் இருந்தது? பிள்ளை கையில் பாதிக்கும் குறைவு என்றால் யோசியுங்கள். இடையில் நீங்கள் எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். மறுநாள் சாயங்காலம் அதே மாதிரி வேறு ஒரு கணக்கைப் பிள்ளையிடம் கொடுத்துத் தனியாகப் போடச் சொல்லுங்கள். டெமோவின் உண்மையான ரிசல்ட் அதில்தான் இருக்கிறது.

குறைந்தது இரண்டு பேரையாவது டெமோவுக்கு அழையுங்கள். ஒருவரிடமே இரண்டாவது டெமோ கேட்டால் அதற்குப் பணம் கொடுங்கள். நாலைந்து பேரை இலவசமாக வரவழைத்துப் பரீட்சைக்குப் படிக்கவைத்துக்கொள்வது அவர்கள் உழைப்பைத் திருடுவது.

5. ஆளைச் சரிபார்த்தல்

ஆதார் அசலைக் காட்டச் சொல்லுங்கள். நகல் வாங்குவதாக இருந்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும். அட்டையில் இருக்கும் கியூஆர் கோடை அரசின் ஆதார் செயலியில் ஸ்கேன் செய்தால் பெயரும் போட்டோவும் வரும். எதிரே இருக்கும் முகத்தோடு ஒத்துப் பாருங்கள். படிப்புச் சான்றிதழ் அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருந்தால் அவர் போனிலேயே திறந்து காட்டச் சொல்லலாம்.

பழைய வீடுகளின் நம்பர் இரண்டு வாங்குங்கள். அதில் ஒன்று, வகுப்பு பாதியிலேயே நின்ற வீடாக இருக்கட்டும். "நல்லவரா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். எந்த மாதம் ஆரம்பித்தார், என்ன பாடம், ஏன் நின்றது, திரும்பக் கூப்பிடுவீர்களா என்று கேளுங்கள். அதே கேள்விகளை ஆசிரியரிடமும் கேட்டிருந்தால், நண்பர் நம்பரைப் 'பேரன்ட்' என்று கொடுத்திருப்பது இங்கேயே வெளிப்படும்.

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் கட்டணம் கட்டி நன்னடத்தைச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது. ஆசிரியரே தன் பெயரில் விண்ணப்பிப்பது சுலபம், கட்டணத்தை நீங்கள் கொடுத்துவிடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: பதிவான வழக்கைத்தான் அது சொல்லும். புகாரே கொடுக்கப்படாத குற்றம் அதில் வராது. சான்றிதழ் வந்த பிறகும் அடுத்த படியில் இருப்பதைத் தளர்த்தக் கூடாது என்பது இதனால்தான்.

6. எங்கே உட்காருவது

ஹால். அல்லது ஹாலிலிருந்து பார்த்தால் தெரியும் இடம். தனி அறைதான் இருக்கிறது என்றால் கதவு முழுதாகத் திறந்திருக்க வேண்டும், மேசை கதவுக்கு நேரே இருக்க வேண்டும். டிவி சத்தம் தொந்தரவு என்று கதவைச் சாத்துவதைவிட அந்த ஒன்றரை மணி நேரம் டிவியை அணைப்பது மேல். ஆசிரியரும் பிள்ளையும் எதிரெதிரே, நடுவில் மேசை. கட்டிலில் உட்கார்ந்து படிப்பது வேண்டவே வேண்டாம். பெரியவர் ஒருவர் வீட்டில் இல்லாத நாளில் வகுப்பும் இல்லை. ஆண் ஆசிரியருக்கு மட்டும்தான் இது என்று நினைக்காதீர்கள், எல்லாருக்கும் இதே விதி. தனியாக வரும் ஆசிரியைகளுக்கும் இது பாதுகாப்பு.

சிசிடிவி இருந்தால் நல்லது, ஆனால் பதிவை உட்கார்ந்து பார்ப்பவர் யாரும் இல்லை. திறந்த கதவும், அடிக்கடி தண்ணீர் கொண்டுபோய் வைக்கும் பாட்டியும் அதைவிட மேல்.

பிள்ளையின் போன் நம்பரை ஆசிரியருக்குக் கொடுக்காதீர்கள். சந்தேகம் கேட்க, அம்மாவோ அப்பாவோ இருக்கும் வாட்ஸ்அப் குரூப் போதும். பிள்ளையிடம் ஒரு விதியைத் தெளிவாகச் சொல்லிவையுங்கள்: "சாரோ மிஸ்ஸோ, 'இதை வீட்ல சொல்லாதே'ன்னு எதைச் சொன்னாலும், சாக்லேட்டா இருந்தாலும், அன்னைக்கே எங்ககிட்ட சொல்லணும். உன்னைத் திட்ட மாட்டோம்." ஆண் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது.

வகுப்பு நாளில் மட்டும் வயிற்றுவலி, அந்த ஆள் பெயரைச் சொன்னதும் மௌனம் என்று தெரிந்தால், முதலில் வகுப்பை நிறுத்துங்கள், காரணம் பிறகு கேட்கலாம். தப்பு நடந்திருப்பதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படி கடமை. ஆசிரியரைக் கூப்பிட்டு வீட்டிலேயே பஞ்சாயத்து பேசாதீர்கள்.

7. சம்பளம்

மாதக் கணக்கைப் பார்க்காமல் மணிக்கணக்கைப் பாருங்கள். மாதம் 4,000, 12 வகுப்பு, ஒரு மணி நேரம் என்றால் மணிக்கு 333 ரூபாய். மாதம் 4,800, 12 வகுப்பு, ஒன்றரை மணி நேரம் என்றால் மணிக்கு 267 தான். பெரியதாகத் தெரிவதுதான் இங்கே மலிவு. மூன்று மாத அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், வகுப்பு பிடிக்காவிட்டாலும் நிறுத்த முடியாமல் கட்டிப்போட்டுவிடும். முதல் சம்பளத்தை இரண்டு வாரத்தில் கொடுங்கள், பிறகு மாதக் கடைசியில். பேசியதை வாட்ஸ்அப்பில் இப்படிப் போட்டுவிட்டால் போதும்:

"சார், பேசினபடி: 10-ஆம் வகுப்பு கணக்கு, தமிழ் மீடியம். திங்கள், புதன், வெள்ளி 6 மணி முதல் 7.30 வரை. மாதம் 12 வகுப்பு, 4,800 ரூபாய், முதல் சம்பளம் ரெண்டு வாரத்துல, அப்புறம் மாதக் கடைசியில் தருவோம். நீங்க வராத வகுப்பை அதே மாதம் ஈடு செய்யணும். நாங்க அன்னைக்குக் காலைக்குள்ள சொல்லாம ரத்து பண்ணினா அது வகுப்பாக் கணக்கு. நிறுத்துறதுன்னா ரெண்டு பக்கமும் ஒரு வாரம் முன்னாடி சொல்லணும். சரின்னா ஓகேன்னு போடுங்க."

ஒரு நாற்பது பக்க நோட்டும் வையுங்கள். தேதி, வந்த நேரம், போன நேரம், நடத்திய பகுதி, கையெழுத்து. மாதக் கடைசியில் "எட்டு வகுப்புதானே வந்தீங்க", "இல்லைங்க, பத்து" என்ற வாக்குவாதம் வராது.

8. நாலாவது வாரம்

முதல் படியில் எழுத்து போட்ட பழைய தாளை எடுத்து, 'தெ', 'ச' போட்ட கேள்விகளில் பத்தை மட்டும் பிள்ளை தனியாக எழுதட்டும். பாதிக்கு மேல் சரியானால் தொடருங்கள். அப்படியே இருந்தால் அந்தத் தாளை ஆசிரியர் முன் வைத்துப் பேசி, இன்னும் இரண்டு வாரம் கொடுங்கள். பள்ளி வீட்டுப்பாடத்தை அவரே போட்டுக்கொடுக்கிறாரா என்றும் நோட்டைப் புரட்டுங்கள். நோட்டில் மார்க் ஏறும், தேர்வில் இறங்கும். அப்படி இருந்தால் இரண்டு வாரம்கூட வேண்டாம்.

பின்சேர்க்கை: ஆன்லைன் வகுப்புக்கு இதெல்லாம் பொருந்துமா என்று சிலர் கேட்பார்கள். பொருந்தும். லேப்டாப் ஹாலில், ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரில். மீட்டிங் லிங்க் பெற்றோர் கணக்கிலிருந்து போக வேண்டும். கணக்குப் பாடத்துக்கு முகம் தெரியும் கேமரா மட்டும் போதாது. ஒரு போனைப் புத்தக அடுக்கின் மேல் கவிழ்த்து வைத்து, பிள்ளையின் நோட்டு ஆசிரியருக்குத் தெரியும்படி செய்யுங்கள். அது இல்லாவிட்டால் 34 எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியவே போவதில்லை.