காட்டுத்தீப் புகை புகுந்த வீட்டைச் சுத்தம் செய்வது எப்படி

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் தீப்பிடித்தபோது, ஆல்டடீனாவில் எரியாமல் தப்பிய வீடுகளுக்குள்ளும் ஜன்னல் இடுக்கு வழியாகச் சாம்பல் வந்து படிந்தது. அங்கே எரிந்தது மரம் மட்டுமில்லை. பழைய வீடுகள், கார்கள், பேட்டரிகள் எல்லாம் சேர்ந்துதான். அதனால் அந்தச் சாம்பலில் ஈயமும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். பக்கத்திலேயே வீடுகள் எரிந்து, உங்கள் வீட்டில் சாம்பல் கனமாகப் படிந்திருந்தால் நீங்களே கை வைக்காதீர்கள், முதலில் நிபுணர்களிடம் சாம்பலைப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இன்சூரன்ஸுக்குப் படம் எடுத்து வைப்பதும் அதற்கு முன்னாலேயே.

லேசான படிவுதான் என்றால் நாமே செய்யலாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த நேரம் வேறு வீட்டில் இருக்கட்டும். என்95 மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

துடைப்பத்தைத் தொடவே தொடாதீர்கள்! பெருக்கினால் படிந்த தூசி மறுபடி காற்றில் ஏறி நேராக நுரையீரலுக்குத்தான் போகும். சாதாரண வேக்குவமும் அப்படித்தான், உறிஞ்சிய நுண்தூசியைப் பின்பக்கமாக வெளியே தள்ளிவிடும். நுண்தூசியை உள்ளேயே பிடித்து வைக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவம் வேண்டும். மற்றபடி ஈரத்துணிதான், மேலிருந்து கீழே. தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் போதும். ஜன்னல் திட்டை ஒரு இழுப்பு இழுத்தாலே துணி சாம்பல் நிறமாகிவிடும், உடனே சுத்தமான பக்கம் வெளியே வரும்படி மடித்துக்கொள்ளுங்கள், தண்ணீரையும் அடிக்கடி மாற்றுங்கள். பெயின்ட் அடித்த சுவரில் கரி இருந்தால் மட்டும் எடுத்தவுடன் ஈரம் படக்கூடாது, அப்பிக்கொள்ளும். புகைக்கரிக்கென்றே விற்கும் உலர்ந்த ஸ்பாஞ்சால் ஒரே திசையில் இழுத்துவிட்டு, அப்புறம் சோப்புத் தண்ணீர்.

ஏர் பியூரிஃபையர் ஓடுகிறதே என்று துடைக்காமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அமெரிக்காவின் கொலராடோவில் 2021-இல் எரிந்த மார்ஷல் என்ற காட்டுத்தீக்குப் பிறகு ஆராய்ச்சியாளர்கள் கண்டது, புகையின் வாயுக்கள் சுவர், தரை, திரைச்சீலை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல வெளியே வருகின்றன, கருவியை நிறுத்தினால் அளவு மறுபடி ஏறிவிடுகிறது. பரப்புகளைக் கழுவித் துடைத்தால்தான் அது நீடித்துக் குறையும். ஆகவே திரைச்சீலை, போர்வை எல்லாவற்றையும் துவையுங்கள், ஏசி ஃபில்டரை மாற்றுங்கள் (உங்கள் ஏசி தாங்குமானால் மெர்வ் 13; மெர்வ் என்பது ஃபில்டர் எவ்வளவு நுண்தூசியைப் பிடிக்கும் என்று காட்டும் அளவு). வெளிக்காற்று சுத்தமாக இருக்கும் நாளில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

வாடை போகவில்லையே என்று ஓசோன் கருவி வாங்காதீர்கள், ஓசோனே நுரையீரலுக்குக் கெடுதல். சாம்பிராணி, ஊதுபத்தியும் வேண்டாம், இருக்கிற புகை போதும்.

அடுப்படியில் திறந்து கிடந்த சாப்பாட்டைத் தூக்கிப் போடுங்கள். காற்றடித்தால் வெளியே கிடக்கும் சாம்பல் திரும்ப வரும், அதனால் செருப்பு வாசலிலேயே இருக்கட்டும், கொஞ்ச நாளைக்கு வாரம் ஒருமுறையாவது ஈரத்துணி போடுங்கள்.