பார்சல் போய்ச் சேரவில்லையா? எல்லை தாண்டி அனுப்புகிறவர்கள் செய்ய வேண்டியது

தேனி மாவட்டக் கம்பத்தில் உட்கார்ந்து ஏலக்காயும் மிளகும் ஆன்லைனில் விற்கிறவர்களுக்கு இது தீராத குழப்பம். கேரளாவின் குமுளி கண்ணெதிரே தெரிகிற மலைக்கு மேலேதான் இருக்கிறது, பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் பார்சல் மட்டும் ஐந்து நாள் ஆனாலும் போய்ச் சேராது. ஏனென்றால் அது நேராக மலை ஏறுவதில்லை. பெரும்பாலும் மதுரைக்கு இறங்கி, அங்கிருந்து கொச்சிப் பக்கம் போய்ப் பிரிக்கப்பட்டு, அப்புறம்தான் இடுக்கிக்கு ஏறுகிறது. ஆர்டர் எடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். "பக்கத்து ஊர்தானே, நாளைக்கு வந்துடும்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் பணம் கொடுத்தது உங்களிடம், கூரியர்காரரிடம் இல்லை. கூரியரோடு மல்லுக்கட்டுவது முழுக்க உங்கள் வேலை. டிராக்கிங் நம்பரைக் கொடுத்து "நீங்களே ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேளுங்க" என்று அனுப்பிவிடுவது எனக்குச் சரியாகவே படவில்லை.

சரி, பார்சல் வரவில்லை என்று மெசேஜ் வந்துவிட்டது. முதலில் அது தாமதமா, தொலைந்ததா, இல்லை வேறு ஊருக்குப் போய்விட்டதா என்று பிரித்துப் பாருங்கள். ஸ்டேட்டஸ் வரியை மட்டும் படித்தால் போதாது, ஒவ்வொரு ஸ்கேனும் எந்த ஊரில், எந்தத் தேதியில் விழுந்தது என்று பாருங்கள். ஊர் மாறிக்கொண்டே வந்தால் அது தாமதம், விட்டுவிடலாம். ஒரே ஹப்பில் (பார்சல்களைப் பிரித்து அனுப்பும் மையம்) மூன்று நாள் அசையாமல் கிடந்தால் அன்றைக்கே போன் போட வேண்டும். ஸ்பீட் போஸ்டில் "தகவல் இல்லை" என்று வந்தால் நம்பரைச் சரிபாருங்கள்: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் ஐ.என்., மொத்தம் 13. அந்த ஒன்பதாவது இலக்கம் மற்ற எட்டையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது, அதனால் ஒரு எண் மாறினாலும் தேடல் வேலை செய்யாது.

எல்லைப் பக்கம் முகவரிதான் பெரிய வில்லங்கம். பாலக்காட்டுப் பக்கம் ஒரு சித்தூர், ஆந்திராவில் ஒரு சித்தூர். நம்ம கம்பம் மாதிரியே ஆந்திராவிலும் ஒரு கம்பம் இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுத்துக்கூடக் கிட்டத்தட்ட அதேதான். ஊர்ப் பெயரை நம்பாமல் பின்கோடின் முதல் இரண்டு எண்களைப் பாருங்கள். கேரளா என்றால் 67, 68, 69. ஆந்திரா என்றால் 51, 52, 53. கேரள முகவரியில் கதவு எண்ணோ தெருவோ பல நேரம் இருக்காது, வீட்டுப் பெயரும் போஸ்ட் ஆபீஸ் பெயரும்தான் இருக்கும். நம் ஆட்கள் லேபிளில் இடம் இல்லை என்று அந்த வீட்டுப் பெயரைத்தான் முதலில் வெட்டுகிறார்கள், தயவுசெய்து அதை வெட்டாதீர்கள். வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கம் லயத்து வீடுகளுக்கு (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) அனுப்பினால் எஸ்டேட் பெயரும் டிவிஷனும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். "டெலிவர்ட்" என்று காட்டியும் கைக்கு வரவில்லை என்றால், எஸ்டேட் ஆபீஸிலோ பக்கத்துக் கடையிலோ கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம், அங்கே கேட்கச் சொல்லுங்கள். அங்கேயும் இல்லையென்றால் கூரியரிடம் டெலிவரி சான்று கேளுங்கள். கையெழுத்தோ போட்டோவோ ஓ.டி.பி. பதிவோ, ஏதாவது ஒன்று அவர்கள் காட்டித்தான் ஆக வேண்டும்.

போன் பண்ணும்போது கஸ்டமர் கேரை விட, பார்சல் போய்ச் சேர வேண்டிய ஊர்க் கிளையைப் பிடிப்பது நல்லது. கோபப்பட வேண்டாம். "சேட்டா, இந்த நம்பர் வண்டியில ஏறிடுச்சா?" என்று கேட்டால் பாதி நேரம் அங்கேயே விடை கிடைக்கும். "ஆள் இல்லை" என்று ஸ்டேட்டஸ் போட்டிருந்தால், அன்றைக்குள் வாடிக்கையாளரின் இன்னொரு நம்பரை வாங்கிக் கிளைக்குக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பார்சல் ஆர்.டி.ஓ. (ரிட்டர்ன் டு ஒரிஜின்) ஆகி உங்களிடமே திரும்பிவிடும்.

இதற்கு நடுவே வாடிக்கையாளருக்கு, அவர் கேட்பதற்கு முன்னாலேயே ஒரு மெசேஜ் போக வேண்டும். இப்படி எழுதலாம்: "அக்கா, உங்க பார்சல் செவ்வாய்க்கிழமையில இருந்து கொச்சியிலயே நிக்குது. கிளையில பேசிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா வேற அனுப்பட்டுமா, பணத்தைத் திருப்பிடட்டுமா, நீங்களே சொல்லுங்க." தேதி இல்லாமல் "பாத்துட்டு இருக்கோம்" என்று அனுப்பும் மெசேஜ் எரிச்சலைத்தான் கூட்டும். ஓணத்துக்கோ கல்யாணத்துக்கோ வாங்கியிருந்தால் அந்த வெள்ளிக்கிழமை வரைகூடக் காத்திருக்காமல் வேறு வழியில் உடனே இன்னொன்று அனுப்பிவிடுங்கள். முதல் பார்சலும் பின்னால் வந்து நின்றால் வாங்காமல் திருப்பிவிடுங்கள் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

ஒரு வாரம் அசையவில்லை என்றால் வாய்ப்பேச்சை விட்டுவிட்டு எழுத்தில் இறங்குங்கள். மெயிலில் டிராக்கிங் நம்பர், புக் செய்த தேதி, பொருளின் மதிப்பு, பில், பேக் செய்த படம், எடை தெரிகிற மாதிரி தராசுப் படம், இவை எல்லாம் இருக்க வேண்டும். பேக் பண்ணும்போதே எடுக்காத படத்தைப் பின்னால் உண்டாக்க முடியாது, அதனால் இதை அன்றாடப் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். புகார் எண் வாங்காமல் விடாதீர்கள். தபால் துறைக்கு 1800 266 6868. அமேசான் மாதிரி மார்க்கெட்பிளேஸ் மூலம் விற்றால், விற்பவருக்கான செல்லர் பேனலில் கிளெய்ம் போடக் கெடு உண்டு, அதைத் தாண்டவே கூடாது.

இழப்பீடு விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் கிடைப்பது நாம் கட்டிய கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. 3,000 ரூபாய் ஏலக்காயை 100 ரூபாய் கட்டி அனுப்பித் தொலைந்தால் கைக்கு வருவது 200. தனியார் கூரியர்களும் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு சின்ன வரம்பைத்தான் போட்டிருப்பார்கள். விலை கூடின சரக்கை மதிப்புச் சொல்லி இன்சூரன்ஸ் கட்டாமல் அனுப்பாதீர்கள். லாரி பார்சல் சர்வீஸில் மூட்டையாகப் போட்டது காணாமல் போனால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருந்தால்தான் வழக்குப் போட முடியும், 2007ஆம் ஆண்டுச் சாலைச் சரக்குச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

கூரியர் தரும் பணத்துக்காக வாடிக்கையாளரைக் காக்க வைக்காதீர்கள். மார்க்கெட்பிளேஸில் விற்கிறவர்களுக்கு 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளே இதைச் சொல்கின்றன: சொன்ன தேதியைத் தாண்டி வந்த பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. வெள்ளம், நிலச்சரிவு மாதிரி நம் கையில் இல்லாத காரணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் தொலைந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கட்டிய வரிக்கு எடுத்த கழிவு) திருப்ப வேண்டும், ஆடிட்டரிடம் அந்த மாதமே சொல்லிவிடுங்கள்.

தொலைந்ததாக நினைத்த பார்சல் திரும்பி வந்தால் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள், எடையும் பாருங்கள். ஆடி மழையில் ஹப்பில் கிடந்த ஏலக்காயை விரலால் நசுக்கிப் பாருங்கள். தோல் நொறுங்காமல் துவண்டால் ஈரம் ஏறிவிட்டது, அதை இன்னொரு ஆர்டருக்கு அனுப்பவே கூடாது.