எங்கிருந்து எழுதுகிறோம் என்று சொல்வதில் நடக்கும் தவறுகள்

"நான் படித்த, நடுத்தர வர்க்க ஆண். அதை உணர்ந்தே எழுதுகிறேன்." பிறர் வாழ்க்கையைப் பற்றிய கட்டுரையின் தலையில், எழுதுபவர் தான் யார் என்று சொல்லும் இப்படி ஒரு வரி இருக்கும், அதற்குப் பிறகு அந்த உணர்வின் தடயமே இருக்காது. இப்போது அதிகம் கண்ணில் படும் தவறு இதுதான். அடையாளத்தை அறிவித்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: "இந்த மக்கள் நோய் முற்றிய பிறகுதான் மருத்துவரிடம் வருகிறார்கள், விழிப்புணர்வு இல்லை." எழுதியவர் மாதச் சம்பளக்காரர், மருத்துவ விடுப்பு உள்ளவர். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு என்ற கணக்கு அவர் வாழ்க்கையில் இல்லை, அதனால் வாக்கியத்திலும் இல்லை. முகப்பில் தன்னிலை விளக்கம் சேர்த்து இதைச் சரிசெய்ய முடியாது. விழிப்புணர்வு இல்லை என்று எப்படித் தெரிந்தது, யாரைக் கேட்டோம்? கூலி, காத்திருக்கும் நேரம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமை எல்லாம் உள்ளே வந்தால் அந்த வாக்கியம் அப்படியே நிற்காது.

நடுநிலை என்ற பெயரில் தன்னை முழுக்க மறைத்துக்கொள்வதும் தவறுதான். பப்புவா நியூ கினியைச் சேர்ந்த திரோபிரியாண்ட் தீவு மக்களைப் பற்றி மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1922-இல் வெளியிட்ட நூல் கள ஆய்வுக்கே முன்மாதிரியாகக் கொண்டாடப்பட்டது. அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1967-இல் அவருடைய நாட்குறிப்பு அச்சில் வந்தது. தீவு மக்கள்மீது அவருக்கு இருந்த எரிச்சலும் இளக்காரமும் அப்போதுதான் வாசகர்களுக்குத் தெரிந்தன. அதுவரை நூலைப் படித்தவர்கள் அதைக் கணக்கில் எடுக்க வழியே இருக்கவில்லை.

இதற்கு நேர் எதிராகச் சிலர் பத்தி பத்தியாகக் குற்ற உணர்ச்சியைக் கொட்டுகிறார்கள். யாரைப் பற்றி எழுத வந்தார்களோ அவர்கள் ஓரமாகப் போய்விடுகிறார்கள்.

அப்புறம், ஒற்றை அடையாளத்தோடு நின்றுவிடுவது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் தொடுத்த வேலைப் பாகுபாட்டு வழக்கில், நீதிமன்றம் இனத்தைத் தனியாகவும் பாலினத்தைத் தனியாகவும் பார்த்ததால் அவர்களுக்கு நேர்ந்தது இரண்டிலும் அடங்காமல் போனதை, சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் எடுத்துக்காட்டினார். எழுதும்போதும் இது முக்கியம். நாம் அடிபட்ட அடையாளம் உடனே நினைவுக்கு வரும். நமக்குக் கதவைத் திறந்துவிட்ட அடையாளம் அவ்வளவு எளிதில் வராது. பெண்ணாகத் தான் பட்டதை நுணுக்கமாக எழுதுபவர், தன் வீட்டில் வேலை செய்யும் பெண்ணை ஒரே வரியில் கடந்துபோவது உண்டு.

"அவர்கள் வாழ்க்கையை எழுத எனக்கு உரிமையில்லை" என்று ஒதுங்குவது பணிவு போலத் தோன்றும். ஆனால் வசதி உள்ளவர் வாய் மூடினால், அந்த வசதி எப்படி வேலை செய்கிறது என்ற உள்விவரமும் வெளியே வராது. அதற்குப் பதிலாக, எழுதியதை அந்த வாழ்க்கையை வாழ்பவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் நேரத்துக்குப் பணமும் கொடுங்கள். ஆனால் அவர் வேண்டாம் என்று சொல்லும் பத்தியை நீக்கத் தயாராக இருந்தால் மட்டும் கேளுங்கள்.