வளர்ப்புக்கு ஆடு வாங்குகிறீர்களா? முதலில் பல்லைப் பாருங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஆடு வாங்க வேண்டுமென்றால் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னாலுள்ள கொட்டில்களைத் தேடித்தான் போக வேண்டும். தீபாவளிக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் முந்தைய வாரங்களில் போகாதீர்கள். அப்போது எல்லா ஆட்டுக்கும் கறி விலைதான். வளர்ப்புக்கு உரியதைப் பொறுமையாகத் தேர்ந்தெடுக்க யாரும் விடமாட்டார்கள்.

காலையில், தீவனம் வைப்பதற்கு முன்பே போய்விடுங்கள். வயிறு நிரம்பிய ஆடு எல்லாமே கொழுத்ததாகத் தெரியும். மந்தையை அவிழ்த்துவிடச் சொல்லி நடையைக் கவனியுங்கள். பின்தங்கும் ஆடு வேண்டாம். கொட்டிலுக்கு அடியில் புழுக்கை உருண்டையாகக் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது பல். நான் ஏமாந்தது இங்கேதான். முதன்முதலில் மூன்று பெட்டைகள் வாங்கினேன். "எல்லாம் இரண்டாம் ஈற்று, அண்ணே" என்றார் விற்றவர். உதட்டை லேசாக விலக்கினேன், எட்டுப் பல் தெரிந்தது, பணத்தைக் கொடுத்துவிட்டேன். அவற்றில் ஒன்று கிழடு. புல்லைக் கடிக்க முடியாமல் மெலிந்தது. ஈன்ற இரண்டு குட்டிகளுக்கும் பால் போதவில்லை, ஒன்று இறந்தது. அந்தக் குட்டியைப் புதைத்த பிறகுதான் பல் பார்க்க முறையாகக் கற்றுக்கொண்டேன். தானமாக வந்த மாட்டைத்தான் பல் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குவதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆட்டைச் சுவரோரம் நிறுத்தி, தாடையை ஒரு கையால் பிடித்து, மறு கைக் கட்டைவிரலால் கீழுதட்டை இறக்குங்கள். விரலை உள்ளே விடாதீர்கள், கடைவாய்ப் பற்கள் கூரானவை. மேலே முன்பற்கள் இருக்காது, கீழே எட்டு இருக்கும். குட்டிக்கும் எட்டுப் பால்பற்கள் உண்டு என்பதால் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். பால்பல் சிறியது, ஒடுங்கியது. நிலைப்பல் மண்வெட்டிபோல் அகன்றது. நடுவில் இரண்டு அகன்ற பற்கள் இருந்தால் வயது ஒன்றைத் தாண்டியிருக்கும். நான்கு என்றால் ஏறத்தாழ இரண்டு, ஆறு என்றால் மூன்று, எட்டும் அகன்றிருந்தால் நான்கு. எட்டும் நீண்டு, அடியில் இடைவெளி விட்டு நின்றால் அது கிழடு. நான் பார்க்கத் தவறியது அந்த இடைவெளியைத்தான். வளர்ப்புக்கு நான்கு பல் பெட்டையையே நான் விரும்புகிறேன்.

பிறகு கண். கீழிமையை இறக்கினால் உட்புறம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் குடற்புழு இரத்தத்தை உறிஞ்சுகிறது. தாடைக்கு அடியில் வீக்கமும் சேர்ந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். இதற்குக் கைப்பேசி விளக்கு வேண்டாம், வெயிலில் நிறுத்திப் பாருங்கள். வெள்ளை விளக்கில் எல்லா இமையும் வெளுத்தே தெரியும்.

மடியை இரு கைகளாலும் அழுத்திப் பாருங்கள். கல்போல் கட்டி இருக்கக் கூடாது. கிடாவுக்கு இரண்டு விரைகளும் சம அளவில், கெட்டியாக இருக்க வேண்டும். கிடாவை மட்டும் வேறு மந்தையிலிருந்து வாங்குங்கள். பெட்டைகளோடு பிறந்த கிடாவை வைத்துக்கொண்டால் உறவுக்குள்ளேயே இனம் சேர்ந்து, குட்டிகள் வலுவிழக்கும்.

கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் புருசெல்லா நோய்க்கான இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இந்த நோய் பெட்டைகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும். காய்ச்சாத பால் வழியே மனிதருக்கும் தொற்றும். வாங்கி வந்த ஆடுகளை ஒரு மாதம் தனிக் கொட்டிலில் வையுங்கள். ஏற்கெனவே சினையாக இல்லாவிட்டால், நல்ல நிலையிலுள்ள பெட்டை 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அதையும் அந்த மாதத்திலேயே கண்டுகொள்ளலாம். கிடா சேர்த்த நாளைக் குறித்துவையுங்கள், 150 நாளில் குட்டி.

பின்சேர்க்கை: கொம்பில்லாத ஆடுகளாகவே வாங்கலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். கிடா, பெட்டை இரண்டுமே பிறவியில் கொம்பில்லாதவை என்றால், பிறக்கும் பெட்டைகளில் சில மலடாகிவிடும். ஒன்றுக்காவது கொம்பு இருக்கட்டும். குட்டியில் கொம்பைச் சுட்டு நீக்கியிருந்தால் நெற்றியில் தழும்பு தெரியும், அது கொம்புள்ள ஆட்டுக் கணக்கிலேயே சேரும்.